ஸ்பிரிங் மேல் போட்ட பழி: மலைப்பாதையில் ஒரு நான்கு குழல் கார்ப்பரேட்டர்

கோத்தகிரி எட்டு சிலிண்டர்:

குஞ்சப்பனை தாண்டி வரும் ஏற்றத்தில் ஓர் உரமூட்டை லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தேன். வண்டி பாயவில்லை. மூச்சை விழுங்கியதுபோல ஒரு கணம் அடங்கி, பிறகு திடீரென்று உறுமிக்கொண்டு கிளம்பியது. அதற்குள் எதிரே பஸ் வளைவில் முகம் காட்டிவிட்டது. லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். பக்கத்தில் இருந்த மனைவி அரவேணு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை ஸ்குரூடிரைவர் எடுக்க வைத்தது.

வண்டி 1967 இம்பாலா, 327 கன அங்குல என்ஜின், மேலே ரோச்செஸ்டர் குவாட்ராஜெட். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கருவி. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு 1965இல் வந்தது இந்தக் கார்ப்பரேட்டர். முன்னால் 35 மி.மீ. அளவில் இரண்டு சிறு குழல்கள், பின்னால் 57 மி.மீ. அளவில் இரண்டு பெரிய குழல்கள். அன்றாட ஓட்டத்துக்கு முன்னிரண்டும் போதும். ஏறக்குறையப் பாதி மிதித்த பிறகுதான் பின்னிரண்டின் திராட்டில்கள் (நம் மிதிக்கு ஏற்பக் குழலைத் திறந்து மூடும் தகடுகள்) கம்பி இணைப்பால் திறக்கத் தொடங்கும். ஆனால் அவற்றுக்கு மேலே இன்னொரு கதவு உண்டு. அதுதான் ஏர் வால்வு. அது நம் காலுக்குக் கட்டுப்படாது, என்ஜின் இழுக்கும் காற்றுக்குத்தான் கட்டுப்படும். கதவின் அச்சு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் காற்று அதைச் சாய்க்கப் பார்க்கும், ஒரு சுருள் ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும். கதவு சாயச் சாய, அச்சிலுள்ள சிறு பிளாஸ்டிக் கேம் (புடைப்புள்ள துண்டு) இரண்டு ஊசிகளை உயர்த்தி, வரும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை விடும். கதவு அவசரப்பட்டால் காற்று முந்திவிடும், பெட்ரோல் பின்தங்கிவிடும். லாரிக்குப் பின்னால் நான் பட்ட திணறல் அதுதான்.

கதவு அவசரப்படுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். இந்தக் கார்ப்பரேட்டர் வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைப்பார்கள். கால் சுற்று முறுக்கினேன், திணறல் குறைந்தது. இன்னொரு கால் சுற்று. கடைசியில் ஒன்றரைச் சுற்றில் நிறுத்தினேன். மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். திணறலே இல்லை. அன்று எனக்கிருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஊட்டிக்குப் போனேன். தொட்டபெட்டா சந்திப்புக்கு ஏறும்போது வண்டி கிழட்டு எருமைபோல நடந்தது. எவ்வளவு மிதித்தாலும் பாதி வலுதான். ஒரு நண்பரின் யோசனைப்படி, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்கு அடியில் கைபேசியைக் கட்டி வீடியோ எடுத்தோம். (நீங்கள் செய்ய வேண்டாம். கார்ப்பரேட்டர் ஒருமுறை திரும்ப வெடித்தால் கைபேசியோடு பானெட் பெயின்ட்டும் போய்விடும்.) முழு மிதியிலும் கதவு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. பின்னிரண்டு பெரிய குழல்களும் சும்மா பயணம் செய்துகொண்டிருந்தன.

காரணம் உயரம். மேலே காற்று மெல்லியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய காற்று கதவைத் தள்ளும் வலுவும் குறைவு. கீழே போதுமானதாக இருந்த முறுக்கு மேலே பூட்டாகிவிட்டது.

சரி, முதலில் திணறல் ஏன் வந்தது? கதவை அவசரப்படாமல் பிடித்துவைக்க ஸ்பிரிங்கைத் தவிர இன்னொரு ஆள் உண்டு. பக்கவாட்டில் கிண்ணம்போல இருக்கும் வாக்குவம் டயாஃப்ரம், அதாவது உள்ளே ரப்பர் சவ்வு வைத்த சிறு கிண்ணம். என்ஜின் சாதாரணமாக ஓடும்போது மேனிஃபோல்டு வாக்குவத்தால் (என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் அதன் காற்றுக் குழாயில் உண்டாகும் வெற்றிடம்) அது உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு கம்பி மூலம் ஏர் வால்வை மூடியே வைத்திருக்கும். அடிவரை மிதித்ததும் வாக்குவம் விழும். டயாஃப்ரம் உடனே விட்டுவிடாது. உள்ளேயுள்ள மிகச் சிறு துளை வழியே காற்று மெல்லப் புகப் புக, கையை மெல்ல மெல்லத் தளர்த்தும். கதவு சீராகத் திறப்பது அதனால்தான். என் வண்டியில் கம்பியை உள்ளே அழுத்தி, குழாய் முனையை விரலால் அடைத்துப் பார்த்தேன். அப்படியே நிற்க வேண்டிய கம்பி, விட்ட கணமே வெளியே ஓடி வந்தது. அரை நூற்றாண்டு ரப்பர், நடுவில் கிழிந்திருந்தது. அதைப் பார்க்காமல் நான் இத்தனை நாள் ஸ்பிரிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் ஒரு டயாஃப்ரம் வரவழைத்தேன். பார்க்க அதே உருவம், ஆனால் வேறு மாடலுக்கானது. வாக்குவத்தை நன்றாகப் பிடித்தது, மிதித்ததும் சட்டென்று விட்டுவிட்டது. மறுபடி திணறல். கடைசியில் காற்று மெல்லப் புகட்டும் என்று, பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பைலட் ஜெட்டை (நடுவில் மிகச் சிறு துளை உள்ள திருகு) வாக்குவம் குழாய்க்குள் செருகினேன். முதலில் போட்ட ஜெட்டின் துளை மிகச் சிறியது, கதவு நான்கு விநாடி யோசித்தது. அடுத்த அளவில் ஒன்றரை விநாடி. வண்டிக்கு அது பிடித்துவிட்டது. ஸ்பிரிங்கை முக்கால் சுற்றுக்கு இறக்கினேன். இப்போது குஞ்சப்பனை ஏற்றத்திலும் தொட்டபெட்டா ஏற்றத்திலும் ஒரே குரலில் இழுக்கிறது.

குன்னூர் பழைய ஸ்பேனர்:

தம்பி, நல்ல வேளை, லாரிக்குப் பின்னால் ஒதுங்கினீர்கள். நாற்பது வருடம் பட்டறையில் நின்றவன் சொல்கிறேன், எந்தத் திருகைத் தொடுமுன்னும் ரப்பரைப் பார்க்க வேண்டும்.

முறுக்கை எண்ணும் முறையை நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரியாமல் யாராவது கை வைத்தால் கெட்டது. அடியில் ஒரு சிறு ஆலன் பூட்டுத் திருகு, பக்கத்தில் முறுக்குத் திருகு. முறுக்குத் திருகை ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டுதான் பூட்டைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் முழுவதும் அவிழ்ந்து எண்ணிக்கையே தொலைந்துபோகும். கதவு லேசாக மூடும் இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து அரைச் சுற்றில் தொடங்கி முக்காலே அரைக்கால் சுற்று வரை, கார்ப்பரேட்டர் எண்ணைப் பொறுத்து. ஒன்றரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் தேநீர் புரையேறிவிட்டது.

இன்னொன்று. சோக் (குளிர்ந்த என்ஜினுக்காகக் காற்றைக் குறைக்கும் மேல் கதவு) முழுவதும் திறக்கும்வரை பின்குழல்களைத் திறக்கவிடாமல் தடுக்கும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. சில ஆண்டு மாடல்களில் அது ஏர் வால்வைப் பூட்டும், சிலவற்றில் கீழ்த் திராட்டிலை. மார்கழி, தை மாதங்களில் புல்லில் உறைபனி கிடக்கும் காலையில் சோக் திறக்க நேரமாகும். "காலையில் இழுவை இல்லை, பகலில் சரியாகிவிடுகிறது" என்று வருகிறவர்களிடம் நான் கார்ப்பரேட்டரைத் திறந்ததே இல்லை.

பெருமாள்மலைக்காரன்:

பழனி மலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது கார்ட்டர் ஏஎஃப்பி, அதுவும் நான்கு குழல் கார்ப்பரேட்டர்தான். இதில் முறுக்க ஸ்பிரிங்கே கிடையாது. பின்குழல்களின் கதவை மூடி வைப்பது அதன் எடைக்கட்டிதான். பிற்பாடு வந்த ஏவிஎஸ் மாடலில்தான் எடைக்கு மாற்றாகத் திருகி அளவு வைக்கும் ஸ்பிரிங் வந்தது. எடைக்கட்டியை அரத்தால் ராவினால் கதவு சீக்கிரம் திறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில் ராவக் கொடுத்துவிட்டேன். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியுமா? டம்டம் பாறை வரைக்கும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விக்கல். பிறகு பழைய கார்ப்பரேட்டர் ஒன்றைத் தேடி வாங்கி, அதிலிருந்த கதவை மாற்றினேன்.

ஆரம்பத்தில் என் கதவுக்கு இருந்த நோய் மிகச் சின்னது. வண்டி பல மாதம் நின்றதில் பெட்ரோல் காய்ந்து அச்சில் பிசினாகப் படிந்திருந்தது. விரலால் தட்டினால் கதவு தானாகத் திரும்பி விழ வேண்டும், என்னுடையது பாதியில் நின்றது. கிளீனர் ஊற்றித் துடைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கோவை இன்லைன் ஆறு:

ஒரு சந்தேகம், அண்ணா. மலைக்கு ஒரு முறுக்கு, சமவெளிக்கு ஒரு முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாமா?

கோத்தகிரி எட்டு சிலிண்டர்:

வேண்டாம். மேலே மெல்லிய காற்று தானாகவே கதவைக் குறைவாகத் திறக்கிறது. அங்கே என்ஜினுக்குக் கிடைக்கும் காற்றும் குறைவுதான், கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது பெட்ரோல். கீழே சரியாக வைத்த கலவை ஊட்டியில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், பிளக் கரி பிடிக்கும். அதற்கு மருந்து ஜெட்டிலும் ஊசியிலும் இருக்கிறது. வாக்குவம் கேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஐடிலில் (மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) பாதரச அளவில் 18 அங்குலம் காட்டியது, என் வீட்டு வாசலில் 13தான் காட்டுகிறது. நோஞ்சான் டயாஃப்ரம் கீழே சமாளித்தாலும் மேலே கைவிட்டுவிடும்.

குன்னூர் ஐயா சொன்ன நெம்புகோலை இன்று காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டபெட்டு வரும்வரை அது விடவே இல்லை. சோக் கம்பியை இம்மி அளவு வளைத்திருக்கிறேன். நாளையும் பனி விழுந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.