ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னால் டி.ஜி.ஆர். கோர்ஸ்: எதை எடுக்கச் சொல்வது?

கண்டனூர்க்காரி:

வணக்கம். எங்கள் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஈ.எம்.ஈ-யில் (வண்டி, மெஷின், மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) ஹவில்தார், எலக்ட்ரீஷியன் டிரேடு. 24 வருட சர்வீஸ் முடிந்து வரும் ஜூலை கடைசியில் வீட்டுக்கு வருகிறார். ஓய்வுபெறும் படைவீரர்களின் மறுவாழ்வைப் பார்க்கும் மத்திய அரசின் டி.ஜி.ஆர். இயக்குநரகத்திலிருந்து யூனிட்டுக்கு ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் லிஸ்ட் வந்திருக்கிறது, ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் போன்றவர்கள்) கட்டணம் முழுவதையும் டி.ஜி.ஆரே கட்டிவிடுமாம், ஆபீசர்கள்தான் 40 சதவீதம் கைக்காசு போட வேண்டுமாம். வருவதை விடக்கூடாது, சரி. எதை எடுப்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு.

அவருக்கு செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் மேல் கண். கூட இருந்தவர்கள் அதைத்தான் எடுத்தார்களாம். என் தம்பி, "கானாடுகாத்தான்ல பழைய வீட்டையெல்லாம் ஓட்டலாக்கிட்டாக, அத்தானை ஹோட்டல் மேனேஜ்மென்ட் எடுக்கச் சொல்லு" என்கிறான். மாமியார், "எம்மகன் பனியில கெடந்துட்டு வர்றான், அவனை இன்னும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீக" என்கிறார். மாமனார் வாங்கிப் போட்ட கடை ஒன்று புதுவயல் ரோட்டில் ஷட்டர் இறக்கியபடியே கிடக்கிறது. அதில் அவர் சொந்தமாக ஏதாவது செய்தால் தேவலை என்பது என் ஆசை.

இன்னொன்று. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். பையன் எட்டாவது. படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்கு அவர் சர்வீஸில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாமா?

தேவகோட்டை பட்டாளத்தார்:

தங்கச்சி, நான் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து வந்தவன். முதலில் அந்த செக்யூரிட்டி கோர்ஸ். அதைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் நம் ஊர் ஜவுளிக்கடை வாசலில் அதே ஸ்டூல், அதே சம்பளம்தான். பெரிய நகரத்துக் கம்பெனியில் சூப்பர்வைசராகப் போகிறவருக்கு அது உதவும். ஊரோடு இருக்க நினைப்பவருக்குச் சுவரில் மாட்ட ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான்.

நீங்கள் இருப்பது புதுவயல் பக்கம். சுற்றி அரிசி மில். முன்னே மாதிரி வெறும் மோட்டாரும் பெல்ட்டும் இல்லை இப்போது. கலர் சார்ட்டர் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: மேலிருந்து அரிசி சரிந்து வரும், கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும், கறுப்பு மணி வந்தால் காற்றை ஊதித் தள்ளும். உள்ளே போர்டு, சென்சார், கம்ப்ரசர். அது நின்றால் வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை முதலாளி வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். வொர்க்‌ஷாப்பில் எத்தனையோ வருடம் வயரிங் பார்த்த கைக்கு இந்த வேலை பிடிபட அதிக நாள் ஆகாது. லிஸ்டில் இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு), சோலார் என்று ஏதாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்குள்ளேயே முடித்தால் சம்பளமும் ஓடும். வெளியே வந்தபின் படிப்பது என்றால் பென்ஷனைத் தின்றுகொண்டுதான் படிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. டி.ஜி.ஆர். சான்றிதழ் வேறு, நம் மாநிலத்தில் வயரிங் செய்வதற்கான உரிமம் வேறு. வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்தான் தரும். அதற்கு அவர் தன் ஆர்மி டிரேடைக் காட்ட வேண்டியிருக்கும். சர்வீஸ் முடிந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் டிரேடும் அதற்கு இணையான சிவில் தகுதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று யூனிட்டில் இருக்கும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். வந்தபிறகு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவும் செகந்தராபாத்தில் உள்ள ஈ.எம்.ஈ. ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிப்போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

தம்பி சொல்லும் ஓட்டல் யோசனை மோசமில்லை. ஆனால் அங்கேயும் ஜெனரேட்டரையும் ஏ.சி.யையும் பார்க்கத்தான் ஆள் தட்டுப்பாடு.

சிவகங்கை தமிழ்:

அக்கா, ஸ்காலர்ஷிப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் தங்கைக்கு வாங்கியிருக்கிறோம். சர்வீஸில் இருப்பவரின் பிள்ளைக்குக் கிடையாது, எக்ஸ்-சர்வீஸ்மேன் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஜூலையில் ரிட்டயர்மென்ட், அதற்குப் பிறகு முதல் வருடத்தில் விண்ணப்பம் என்பதால் கணக்கு சரியாக வருகிறது. முதல் வருடத்தை விட்டால் விட்டதுதான், இரண்டாம் வருடத்தில் புதிதாகக் கேட்க முடியாது. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வங்கியில் போடுவார்கள். நாடு முழுவதும் வருடத்துக்கு 5,500 பேருக்குத்தான், மார்க் வரிசைப்படி. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதை நம்பி ஃபீஸ் கணக்குப் போடாதீர்கள்.

அவர் வந்து இறங்கியதும் முதல் வேலையாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். எந்தச் சான்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். உங்கள் பையனுக்கு கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பு) கல்வி மானியம் உண்டு. ஹவில்தார் ரேங்க் வரை, இரண்டு பிள்ளைகள் வரை. மாதம் 1,000 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆக்கியிருக்கிறார்கள்.

பள்ளத்தூர் டு டெக்சாஸ்:

இங்கே என் அக்கா மகன் அமெரிக்க ஆர்மியில் இருந்துவிட்டு வந்தான். இவர்களுக்கு 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் என்று ஒன்று, 36 மாதப் படிப்புச் செலவு. காலேஜ்தான் என்றில்லை, வெல்டிங், லாரி லைசென்ஸ், ஏ.சி. மெக்கானிக் என்று அங்கீகாரம் உள்ள எந்தப் பயிற்சிக்கும் போகலாம், வீட்டு வாடகைப் படியும் உண்டு. சர்வீஸில் இருக்கும்போதே எழுதிக் கொடுத்தால் விதிப்படி மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றியும் விடலாம். இங்கே அவன் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகிறான், நம் ஊரில் லிஸ்டில் உள்ளதற்குள் எடுக்க வேண்டும். அதனால் லிஸ்ட் வரும் நேரத்தில் தூங்கக்கூடாது.

பேங்க் மாமா:

எல்லாரும் ஸ்பானரைப் பிடிக்கச் சொல்கிறீர்கள். 43 வயதில் மில் தூசியில் ஏன்? பொதுத்துறை வங்கியில் கிளார்க் வேலைக்கு முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. டிகிரி இல்லாவிட்டாலும், பத்தாவது முடித்து 15 வருட சர்வீஸும் ஆர்மி படிப்புச் சான்றும் இருந்தால் எழுதலாம். நான் அப்படி வந்தவன்தான். ஏ.சி. ரூம், ஞாயிற்றுக்கிழமை லீவு.

தேவகோட்டை பட்டாளத்தார்:

மாமா சொல்வதும் சரிதான், அவர் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆளாக இருந்தால். அதை தங்கச்சிதான் சொல்ல வேண்டும்.

கண்டனூர்க்காரி:

உட்காருகிற ஆள் இல்லை அண்ணே. லீவில் வந்தால் பக்கத்து வீட்டு மிக்ஸியைக்கூட விடமாட்டார். நேற்று ராத்திரி போனில் பேசினேன், லிஸ்டில் ஆட்டோமேஷன் இருக்கிறதாம், ஆனால் சீட் குறைவு என்கிறார். கிடைக்காவிட்டால் இரண்டாவதாக சோலார் எழுதச் சொல்லியிருக்கிறேன். கடை வைக்கக் கடன் ஏதும் உண்டா?

சிவகங்கை தமிழ்:

'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் பாருங்கள் அக்கா. முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதமும் அரசு தரும், தொழில் பயிற்சியும் சேர்த்து. இதுவும் நல அலுவலகம் வழியாகத்தான். கடையின் பத்திரம் யார் பேரில் இருக்கிறது? மாமனார் பேரிலேயே இருந்தால் அதை இப்போதே பேசி முடித்து வையுங்கள்.