பாலில்லாப் பாம்பே டோஸ்ட்டுக்குத் தேங்காய்ப்பாலா, முந்திரியா?

முத்தியால்பேட்டை அம்மா:
என் இளைய மகனுக்குப் பால் ஒவ்வாமை இருப்பதால், பாலும் வெண்ணெயும் நெய்யும் இல்லாமல்தான் எங்கள் வீட்டில் பாம்பே டோஸ்ட் செய்கிறோம். பள்ளி வேன் 7.45-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அரை மூடித் தேங்காயின் முதல் பாலில் இரண்டு தேக்கரண்டி வெல்லப்பாகும் சிட்டிகை ஏலப்பொடியும் உப்பும் கலந்து, முந்தைய நாள் ரொட்டியைத் தோய்த்துத் தேங்காயெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் சுட்டால் 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். காலை அவசரத்துக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பண்ருட்டி வாசகர்:
அம்மா, நேரம் மிச்சமாவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேங்காய்ப்பாலில் நீரும் கொழுப்புமே மிகுதி என்பதால், முட்டையைப்போல் சூட்டில் இறுகி ரொட்டியைப் பிடித்துக்கொள்ள அதனால் இயலாது. முந்திரியில் மாவுச்சத்தும் புரதமும் இருப்பதால் அரைத்த விழுது கெட்டிப்பட்டு, ரொட்டியின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து பொன்னிறமாகச் சிவக்கும். இரவே 15 பருப்பை ஊறப்போட்டு, கனிந்த பூவன்பழம் ஒன்றுடன் அரைத்தால் வெல்லம்கூடச் சிறிதளவே போதும். உடைந்த பருப்பே இதற்குப் போதுமானது, விலையும் குறைவு.

முத்தியால்பேட்டை அம்மா:
ஐயா, உங்கள் முறையில் நேற்றே செய்து பார்த்தேன். பழமும் வெல்லமும் கல்லில் ஒட்டிக்கொண்டு, மேலே கருகி, உள்ளே ஈரமாகவே இருந்தது. மேலும், முந்திரியும் பல குழந்தைகளுக்கு ஒவ்வாது. என் மகன் சாப்பிடுவான் என்றாலும், எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பண்ருட்டி வாசகர்:
கருகியதற்குத் தீ அதிகமாக இருந்ததே காரணம். இனிப்புச் சேர்ந்த எதுவும் விரைவில் கருகும் என்பதால் கல்லைக் காயவைத்து, பின்னர் தீயைச் சிறிதாக்கிவிட்டுத்தான் ரொட்டியைப் போட வேண்டும். ஒவ்வாமை குறித்து நீங்கள் சொன்னது சரி. அதை நான் முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகி:
நீங்கள் இருவரும் ரொட்டியையே கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பொட்டலத்தில் வரும் மென்மையான ரொட்டிகள் பலவற்றில் பால்பொடி இருக்கிறது. பின்புறத்தில் உள்ள உட்பொருள் பட்டியலையும் ஒவ்வாமைக் குறிப்பையும் படிக்காமல் வாங்கினால், தேங்காய்ப்பால் ஊற்றியும் பயனில்லை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பாகெத் என்னும் நீள ரொட்டி எளிதில் கிடைக்கும். மரபான முறையில் அதற்கு மாவும் நீரும் உப்பும் ஈஸ்ட்டும் மட்டுமே. ஆனாலும் வெண்ணெய் தடவிய தட்டில் சுட்டார்களா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பண்டத்துக்கு 'வீணான ரொட்டி' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். காய்ந்து கெட்டியான பழைய ரொட்டி நன்றாக ஊறியும் உடையாது. தேங்காய்ப்பாலில் ஒரு தேக்கரண்டி கடலைமாவைக் கட்டியின்றிக் கரைத்தால், இறுகுவதற்கு முந்திரியும் தேவையில்லை.

முத்தியால்பேட்டை அம்மா:
இன்று காலை பாகெத்தை விரல் கனத்துக்கு நறுக்கி, கடலைமாவு கரைத்து இருபுறமும் சுட்டேன். ஓரம் மொறுமொறுவென்று வந்தது. நடுவில் ஒரு துண்டுகூடப் பிய்யவில்லை. ஆனால் மாவின் பச்சை வாசனை போக ஒவ்வொரு புறமும் 2 நிமிடம் கூடுதலாக வேண்டியிருந்தது.

பண்ருட்டி வாசகர்:
கடலைமாவுக்குப் பதிலாக முந்திரிப்பொடி ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உலர்ந்த பருப்பை மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்றிப் பொடித்து வைத்துக்கொண்டால் இரவில் ஊறப்போட வேண்டியதில்லை. தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிவிடும். தேங்காய்ப்பாலை நீங்கள் விட வேண்டாம்.