சர்ச்சிலின் சுருட்டும் காசிமேட்டுப் பெரியவரும்

காசிமேட்டான்:
"அதே வெளிச்சமும் அதே லென்ஸும் இருந்தால் தற்செயலாக விழுந்த எந்த முகப்படத்தையும் மறுபடி எடுத்துவிடலாம்" என்று ராயபுரத்து நண்பர் நேற்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில், துறைமுகத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், படகிலிருந்து யாரோ கூப்பிட்ட குரலுக்குத் தலை நிமிர்ந்த நொடியில் படம் எடுத்தேன். மறுநாளிலிருந்து நான்கு விடியற்காலைகள் அதே 50 மி.மீ. லென்ஸோடு போனேன், என்னைக் கண்டதுமே அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிட்டார்.

ராயபுரம் ஸ்டுடியோ:
அது உங்கள் கைக்குறை. 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் புகைப்படக்காரர் யூசுப் கார்ஷ், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கித்தானே அந்தப் புகழ்பெற்ற படத்தின் முறைப்பை வரவழைத்தார்? முகபாவத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

காசிமேட்டான்:
சுருட்டைப் பிடுங்கினார், சரி. அதே அறையில், அதே கேமராவில் சற்று நேரத்தில் எடுத்த அடுத்த படத்தில் சர்ச்சில் புன்னகைக்கிறாரே! வெளிச்சம் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, முறைப்பு மட்டும் போய்விட்டது. சுருட்டை ஒரு முறைதான் எதிர்பாராமல் பிடுங்க முடியும். இரண்டாம் முறை அவர் கையால் மறைத்துக்கொண்டிருப்பார்.

வண்ணை வாசகி:
அண்ணா, 1950இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் துவானோ பாரிஸ் தெருவில் எடுத்த முத்தப் படத்தைப் பல்லாண்டுகள் உலகமே தற்செயல் என்று நம்பியது. அதிலிருந்தவர்கள் அவர் கேட்டுக்கொண்டதற்காக நடித்தவர்கள் என்பது 1990களில் வழக்கு வந்தபோதுதான் வெளிப்பட்டது. அமைத்தும் எடுக்கலாம் என்பதற்கு அது போதாதா?

காசிமேட்டான்:
அவர் புதிதாக ஒன்றை அமைத்தார். நடந்துபோன ஒன்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பொங்கல் போட்டியில் நடுவராக உட்கார்ந்த ராயபுரத்தார், என் பெரியவர் படத்தை "அமைத்து எடுத்தது" என்று ஒதுக்கினார். நான் இன்னும் மறக்கவில்லை.

ராயபுரம் ஸ்டுடியோ:
பெரியவரின் காதருகே விழுந்த வெளிச்சம் விளக்குப் போட்டதைப்போல் இருந்தது, அதனால் ஒதுக்கினேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

காசிமேட்டான்:
கடலிலிருந்து எழுந்த சூரியன் அது! காலை ஆறரை மணிக்குத் துறைமுகத்தில் ஒரு நாளாவது நின்றிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது ஆண்டுகளாகத் திரைச்சீலைக்கு முன்னால் "சிரியுங்கள்" என்று சொல்லிப் பழகியவருக்கு, சொல்லாமல் வரும் முகம் எப்படிப் பிடிபடும்?

வண்ணை வாசகி:
போட்டிச் சண்டையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

ராயபுரம் ஸ்டுடியோ:
என் தொழிலை இழுத்தவர் அவர். இருக்கட்டும். சுருட்டைப் பிடுங்கியது கார்ஷின் கைதானே? அதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்.