புது வீட்டுச் சமையலறைக்குள் விறகடுப்பு: புகைக்கூண்டு எப்படி வைப்பது?

தோட்டத்துவீடு:

வணக்கம். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கான்கிரீட் போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கிறது. கேஸ் இருக்கிறது. ஆனால் விறகடுப்பும் ஒன்று வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். வெந்நீர், பருப்பு, கறிக்குழம்பு எல்லாம் அதில்தானாம். தென்னந்தோப்பு இருப்பதால் விறகுக்குப் பஞ்சமில்லை. அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், மழையில் வெளியே இருக்கும் சாளைக்கு (குடிசைக்கு) ஓட முடியாது என்கிறார். என் மனைவிக்கோ வீசிங், புகை ஆகாது.

கொத்தனார் மூன்று இஞ்ச் பி.வி.சி. பைப்பைச் சுவரில் விட்டால் போதும் என்கிறார். யூடியூபில் ஃபேன் வைத்த இரும்பு அடுப்பைக் காட்டி, புகையே வராது என்கிறார்கள். எதை வைக்கலாம்?

காங்கயத்தான்:

புது வீடு, வெள்ளைப் பெயின்ட். ஒரே வருசத்தில் சுவர் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கேஸே போதும். அம்மாவுக்கு வாசலில் மூன்று கல் வைத்துக் கொடுங்கள்.

மண்வேலை:

மூன்று கல் வைத்தால் அந்தப் புகை முழுக்க அம்மா கண்ணுக்குள்தான் போகும். அது பதில் இல்லை.

தம்பி, முதலில் அந்தப் பி.வி.சி. பைப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 80 டிகிரி சூட்டிலேயே அது தொய்ந்துவிடும். அடுப்பை விட்டு வெளியேறும் புகைக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் சூடு. கருகினால் வருகிற புகை விறகுப் புகையைவிட மோசம்.

1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அடுப்புப் போட்டவன் நான். அந்த அடுப்புகளில் நிறைய கொஞ்ச நாளிலேயே சும்மா கிடந்தன. அடுப்பில் கோளாறு இல்லை. அடுப்புக்குழி ஒரு அளவு, வீட்டில் இருந்த பானை வேறு அளவு. கரி அடைத்த கூண்டைத் தட்டிவிடவும் ஆள் இல்லை.

அதனால் அடுப்புக்கு முன்னால் பானையை அளந்து பாருங்கள். அம்மா தினமும் சோறாக்குவது எதில், வெந்நீர் வைப்பது எதில்? அந்த இரண்டையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் குழி எடுக்க வேண்டும். பானையின் அடி இரண்டு விரல் ஆழம் இறங்கி, சுற்றிலும் இடுக்கில்லாமல் உட்கார வேண்டும். பழைய அடுப்பில் பானை நிற்க மூன்று குமிழ் வைப்போம், புகை அந்தச் சந்தில் வெளியேறும். கூண்டு வைத்த அடுப்பில் குமிழே கூடாது. பழக்கதோசத்தில் கொத்தனார் வைத்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் குழிக்குக் கீழே தீ. அங்கிருந்து ஒரு சுரங்கம் சற்றே மேலேறி இரண்டாவது குழிக்குப் போகும். இரண்டாவது குழியின் அடியில் மண்ணை மேடாகக் கட்டி, பானை அடிக்கும் மேட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து விட வேண்டும். அப்போதுதான் சூடு பானையைத் தடவிக்கொண்டு போகும். மேடு இல்லாவிட்டால் நேரே கூண்டில் ஏறி ஆகாசத்தைத்தான் சூடாக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான அஸ்த்ரா ஒலே என்கிற விறகடுப்பில் மூன்று குழி. அங்கேயும் ஒரே தீயின் சூட்டை வரிசையாகப் பானைகளுக்கு அனுப்புகிற கணக்குத்தான். தீ எரியும் இடத்தில் எட்டு எம்.எம். கம்பியில் ஒரு சல்லடை போட்டுவிட்டால் சாம்பல் கீழே விழும், காற்று அடியிலிருந்து ஏறும், ஊதாங்குழலுக்கு வேலை குறையும்.

புற்றுமண், சாணி, உமி மூன்றையும் பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டுக் கட்டுங்கள். தீப்படும் இடத்தில் சிமெண்ட் வேண்டாம், வெடித்துவிடும். நிழலில் காயட்டும். முதல் சில நாளைக்குச் சுள்ளி வைத்துச் சின்னதாக எரித்து, விழுந்த விரிசலை அதே மண்ணால் பூசுங்கள்.

கூண்டுக்கு நாலு இஞ்ச் ஸ்டோன்வேர் பைப் (சுட்ட களிமண் குழாய்) அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உயரம் பத்தடிக்குக் குறையக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே இரண்டடி நீட்டி நிற்க வேண்டும். தாழ இருந்தால் சுவரைத் தாண்டி இறங்குகிற காற்று புகையைத் திருப்பி அடிக்கும், உங்கள் பக்கம் ஆடிக்காற்றைக் கேட்கவே வேண்டாம். மழைக்கு ஒரு மூடி, அதற்கும் குழாய்க்கும் நடுவே சாண் இடைவெளி.

அந்த ஃபேன் அடுப்பில் காய்ந்த விறகைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் புகை குறையும் என்பது நிஜம். ஆனால் கூண்டு கிடையாது. வருகிற கொஞ்சமும் அறைக்குள்ளேதான் சுற்றும். நீளமான தென்னை மட்டை அதில் நுழையவும் நுழையாது. உங்களுக்குத் தோதுப்படாது.

தோட்டத்துவீடு:

ரொம்ப நன்றிங்க அண்ணா. மேலே கான்கிரீட் போட்டுவிட்டோமே, கூண்டுக்காக அதில் ஓட்டை போடலாமா? எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் மிச்சப் புகை போய்விடுமா?

மண்வேலை:

மேலே கை வைக்காதீர்கள். கம்பி அறுபடும், மழைத்தண்ணியும் ஒழுகும். வெளிச்சுவரை ஒட்டி அடுப்பைப் போட்டு, லிண்டலை (ஜன்னல், கதவுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டையை) தொடாமல் கூண்டைச் சுவர் வழியே சாய்வாக வெளியே எடுத்து, அங்கிருந்து நேரே ஏற்றுங்கள். படுக்கையாக ஓடவிட்டால் இழுவை போய்விடும். வளைவு 45 டிகிரியில் இருக்கட்டும். வெளியே கூண்டின் அடியில் ஒரு செங்கல் அளவுக்குத் திறப்பு விட்டு மண்ணால் மூடிவையுங்கள், கரியை அந்த வழியாக அள்ளலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு எரியும்போது போடவே கூடாது. அறைக் காற்றை அது வெளியே தள்ளும்போது ஈடுகட்டக் கூண்டு வழியாகக் காற்று இறங்கும், புகையும் கூடவே திரும்பி வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அது போதும்.

பொடக்காளி:

அண்ணன் கட்டுவதைச் சொல்லிவிட்டார், நான் எரிக்கிறவள், அதைச் சொல்கிறேன்.

இரண்டாவது குழியைச் சும்மா விடாதீர்கள். அதில் பானை இல்லையென்றால் கூண்டு இழுக்காது, வீடெல்லாம் புகை. எங்கள் வீட்டில் அதில் எப்போதும் தண்ணீர்ப் போசி உட்கார்ந்திருக்கும். சமைத்து முடிக்கையில் குளிக்கிற சூடு வந்துவிடும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் தேவையில்லை. தென்னம் பன்னாடையைக் கசக்கி வைத்து, மேலே காய்ந்த பாளையை ஒடித்துப் போட்டு ஒரு குச்சி கிழித்தால் சரி. மட்டை குப்பென்று எரிந்து அடங்கிவிடும். நின்று எரிய வெள்வேலாமர விறகோ சீமைக்கருவேல விறகோ வேண்டும். வெட்டிய மரத்தை உடனே வைக்காதீர்கள். பிளந்து ஆறு மாசமாவது அடுக்கிப் போடுங்கள். பட்டை தானாகக் கழன்று, வெட்டுமுனையில் வெடிப்பு விழுந்து, இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் விறகு கூரைக்குள் வந்தாக வேண்டும். பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை எதுவும் அடுப்புப் பக்கமே வரக் கூடாது.

பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் குழைத்துத் தடவிவிட்டு ஏற்றினால் கரி லேசாகக் கழுவிக்கொண்டு போகும். கூண்டுக்குள் கயிற்றில் சாக்குச் சுருட்டைக் கட்டி மாடியிலிருந்து இறக்கி இழுப்போம். தீ வாய்ப்பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் கூண்டு அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் தம்பி, உங்கள் வீட்டுக்காரிக்கு வீசிங் என்கிறீர்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் பற்றவைக்கும்போது கொஞ்சம் புகையத்தான் செய்யும். தணலை விட்டுவிட்டுக் கதவு ஜன்னலை அடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று ஆளையே சாய்த்துவிடும். பின்வாசலை ஒட்டி மூணு பக்கம் திறந்த தாழ்வாரம் இறக்கி அங்கே போடுங்களேன். அம்மா நனையவும் வேண்டாம்.

மண்வேலை:

தங்கச்சி சொல்வது சரி. வீசிங் இருக்கும் வீட்டுக்குத் தாழ்வாரம்தான் மேல்.

தோட்டத்துவீடு:

அம்மாவிடம் கேட்டேன், பின்வாசல் என்றால் சரி என்கிறார். தகரக் கூரைதான் போடப்போகிறோம். அங்கேயும் கூண்டு வேண்டுமா?

மண்வேலை:

கட்டாயம் வேண்டும். தகரத்தில் குழாயைவிட அகலமாக வெட்டி, சுற்றி ஒரு தகட்டுப் பட்டை போடச் சொல்லுங்கள். கூரைக்கட்டை பனையோ தென்னையோ என்றால் குழாயிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். அடுப்பின் வாய் காற்றடிக்கும் மேற்கே பார்க்க வேண்டாம், கிழக்கே திருப்பிப் போடுங்கள். கேஸ் சிலிண்டர் அந்தப் பக்கமே கூடாது.