ஜேஎம்ஆர்ஐ திடீரென இணைய மறுக்கிறது: விண்டோஸிலேயே சரிசெய்வதா, ராஸ்பெர்ரி பைக்கு மாறுவதா?

அம்பத்தூர் அப்பா

வணக்கம். ஹாலில் சுவரோரமாக எட்டடி நீளப் பலகையில் எச்ஓ அளவில் ஒரு பொம்மை ரயில் லேஅவுட் போட்டிருக்கிறோம், நானும் எட்டாவது படிக்கும் மகளும். ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ மெகா போர்டு, அதன் மேல் மோட்டார் ஷீல்டு, உள்ளே டிசிசி-இஎக்ஸ், அதாவது போர்டை ரயிலுக்குக் கட்டளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனாக்கும் மென்பொருள். வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 10, அதில் ரயிலைக் கணினியிலிருந்து ஓட்டும் இலவச மென்பொருளான ஜேஎம்ஆர்ஐ.

முதலில் ஜேஎம்ஆர்ஐ திறக்கவே இல்லை. ஜாவா என்று தேடி முதலில் கிடைத்ததைப் போட்டிருந்தேன், அது 8. ஜேஎம்ஆர்ஐ 5-க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அதை மாற்றியதும் மூன்று வாரம் நன்றாக ஓடியது. போன ஞாயிறு முதல் திறந்தவுடன் "இணைப்பைத் திறக்க முடியவில்லை" என்கிறது. இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டுவிட்டேன். அதே செய்திதான். போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. புது போர்டு வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

பேசின்பிரிட்ஜ்

போர்டு வாங்காதீர்கள். விண்டோஸை விடுங்கள். வீட்டில் எல்லோரும் தொடும் லேப்டாப்பில் ரயிலை நம்பி வைக்கக்கூடாது என்பது என் அனுபவம். ஒருவர் அப்டேட் போடுவார், ஒருவர் ஆன்டிவைரஸ் போடுவார், ஒருவர் ஒயரைப் பிடுங்கி போன் சார்ஜ் போடுவார். ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினியை வாங்கி, பலகைக்கு அடியில் திருகி, ஜேஎம்ஆர்ஐயை அதில் போட்டுவிடுங்கள். ரயிலுக்கென்று ஒரு கணினி, அதற்கு வேறு வேலையே கிடையாது.

ராயபுரம்1856

பேசின்பிரிட்ஜ் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இப்போது அதைச் செய்வது தவறு. என்ன பழுது என்று தெரியாமல் இடம் மாறினால் பழுதும் கூடவே வரும்.

அம்பத்தூர் சார், இரண்டு முறை புதிதாகப் போட்டும் அதே செய்தி வருகிறது என்றீர்களே, அதுவே நல்ல தடயம். ஜேஎம்ஆர்ஐயை நீக்கினாலும் உங்கள் அமைப்புகள் போகாது. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஜேஎம்ஆர்ஐ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். எந்த காம் போர்ட் (போர்டு இணையும் வழிக்கு விண்டோஸ் தரும் எண்), எந்த எஞ்சின், எந்த டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிறு சர்க்யூட்) என்பதெல்லாம் அங்கேதான். புதிதாகப் போட்ட புரோகிராமும் அதையே படிக்கும். ஆக, தப்பு புரோகிராமில் இல்லை, அது படிக்கும் தகவலில் இருக்கலாம். அந்த ஃபோல்டரை இப்போது அழித்துவிடாதீர்கள், எஞ்சின் பட்டியலும் போய்விடும்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, காம் போர்ட் பட்டியலைப் பாருங்கள். போர்டைப் பிடுங்கிச் செருகும்போது எந்த வரி மறைந்து திரும்ப வருகிறது? அந்த எண்ணையும் ஜேஎம்ஆர்ஐயின் பிரிஃபரன்ஸில் உள்ள எண்ணையும் இங்கே எழுதுங்கள். எந்த வரியும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளிலும் பச்சை விளக்கு எரியும். ஆர்டுயினோ புரோகிராமின் சீரியல் மானிட்டர் ஜன்னல் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும்.

தாம்பரம் ஷெட்

எட்டடி பலகைக்குக் கணினியே எதற்கு? மெகாவில் ஒரு வைஃபை போர்டைச் சேர்த்தால் ஆண்ட்ராய்டு போனில் எஞ்சின் டிரைவர் செயலியை வைத்தே ஓட்டலாம். ஜாவாவும் வேண்டாம், காம் போர்ட்டும் வேண்டாம். கணினிதான் வேண்டும் என்றால் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்குங்கள், கேட்க ஆள் இருப்பார்கள். இலவசமாகக் கிடைப்பதை யாரோ ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். நாளைக்கு நிறுத்திவிட்டால் யாரைக் கேட்பீர்கள்?

ராயபுரம்1856

போனில் ஓட்டலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலவசம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. ஜேஎம்ஆர்ஐ விளையாட்டாக எழுதியது இல்லை. அதைத் தொடங்கிய பாப் ஜேக்கப்சன் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஜேஎம்ஆர்ஐ கோப்புகளை ஒருவர் உரிம நிபந்தனைகளை மதிக்காமல் எடுத்துக்கொண்டார் என்று அவர் வழக்குப் போட்டார். 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த மூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஜேக்கப்சன் - கேட்சர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பொம்மை ரயில் ஓட்டுகிறவர்கள் உலகத்தின் திறந்த மூல மென்பொருள் அத்தனைக்கும் செய்துகொடுத்த உதவி அது. எழுதியவர் நிறுத்தினாலும் மூல நிரல் நம் கையில் இருக்கும். காசு கொடுத்து வாங்கியது நின்றுபோனால் நம் கையில் என்ன இருக்கும்?

அம்பத்தூர் அப்பா

தாம்பரம் சார், போனில் ஓட்டுவது எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் மகள் ஜேஎம்ஆர்ஐயின் பேனல்புரோவில் சிக்னல் கேபின் பலகை வரைந்துகொண்டிருக்கிறாள். சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை தண்டவாளங்கள் பிரிவதைப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்து, அதில் ஐந்து பாயின்ட்டை மட்டும் எடுத்துத் திரையில் போட்டிருக்கிறாள். அவளுக்கு எஞ்சினை ஓட்டுவதைவிடப் பாயின்ட் மாற்றுவதில்தான் ஆசை. அதனால் கணினி வேண்டும்.

ராயபுரம் சார், பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் காம் 7. ஜேஎம்ஆர்ஐயில் காம் 5. ஏன் மாறியது? யாரும் எதையும் தொடவில்லை.

ராயபுரம்1856

போர்டு வேறு யுஎஸ்பி துளைக்கு மாறியிருக்கும். வீட்டில் விசாரியுங்கள். விலை குறைந்த மெகா போர்டுகளில் பெரும்பாலும் சிஹெச்340 என்ற சிப் இருக்கும். அதற்கென்று தனி வரிசை எண் கிடையாது. அதனால் விண்டோஸ் போர்டை அடையாளம் வைத்துக்கொள்ளாது, துளையைத்தான் வைத்துக்கொள்ளும். துளை மாறினால் புது எண். அசல் போர்டுகளில் வரிசை எண் இருப்பதால் எங்கே செருகினாலும் பழைய எண்ணே வரும்.

பழைய துளையிலேயே செருகுங்கள், இல்லையென்றால் பிரிஃபரன்ஸில் 7 என்று மாற்றிச் சேமித்து மறுபடி திறங்கள்.

அம்பத்தூர் அப்பா

இணைந்துவிட்டது! மவுஸுக்காக மகள்தான் துளையை மாற்றியிருக்கிறாள். ஆனால் இப்போது வேறு பிரச்சினை. ஜேஎம்ஆர்ஐயின் டிகோடர்புரோவில் எஞ்சினின் முகவரியை, அதாவது அதை அழைக்கும் எண்ணை, படிக்கச் சொன்னால் 308 என்று பிழை காட்டுகிறது.

பேசின்பிரிட்ஜ்

ஒரு மவுஸுக்காக மூன்று வாரம் ஓடிய ரயில் நின்றிருக்கிறது. நான் சொன்னதும் இதைத்தான். பலகைக்கு அடியில் பை இருந்தால் யார் வந்து மவுஸ் செருகப் போகிறார்கள்?

ராயபுரம்1856

பையிலும் துளைகள் உண்டு, அங்கும் பெயர் மாறும். அது போகட்டும். லினக்ஸில் போட்டவுடன் ஓடிவிடும் என்று ஒரு புதியவருக்குச் சொல்லாதீர்கள். யூசரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வராவிட்டால் போர்ட் திறக்காது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் பிரெய்ல் திரைகளுக்கான ஒரு சேவை, சிஹெச்340 சிப்பைத் தன்னுடைய கருவி என்று நினைத்து எடுத்துக்கொள்ளும், போர்ட் கண்ணில் பட்டு மறைந்துவிடும். அந்தச் சேவையை நீக்க வேண்டும். கோடையில் கரண்ட் போகும் ஊர் நம்முடையது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பையின் மெமரி கார்டு கெடலாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது.

பேசின்பிரிட்ஜ்

டயல்அவுட் ஒரு வரிக் கட்டளை, ஒரே ஒரு முறை. பிரெய்ல் சேவையும் அப்படியே, அதுவும் உபுண்டுவில்தான், பைக்கான சொந்த இயங்குதளத்தில் நான் பார்த்ததில்லை. கார்டு கெடுவது உண்மைதான். அதற்குத்தான் அமைத்து முடித்தவுடன் கார்டை அப்படியே நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். உங்கள் லேப்டாப்பை அப்படி நகலெடுத்து வைக்க முடியுமா?

ராயபுரம்1856

நகல் யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். ஜேஎம்ஆர்ஐ ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்தாலும் எஞ்சின் பட்டியலும் பேனலும் பத்திரமாக இருக்கும். அம்பத்தூர் சார், இன்றே செய்யுங்கள்.

308-க்கு வருகிறேன். எஞ்சினிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். கணினிப் பக்கம் வேலை முடிந்துவிட்டது, இனி தண்டவாளம். டிகோடர் பேசும் விதம் தெரிந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். புரோகிராமிங் டிராக்கில், அதாவது டிகோடரைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தண்டவாளத் துண்டில், கமாண்ட் ஸ்டேஷன் ஒரு கேள்வி கேட்கும். விடை ஆமாம் என்றால் டிகோடர் மோட்டாரை ஒரு கணம் தட்டி, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். ஆறு மில்லி விநாடி அளவுதான். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் ஸ்டேஷன் பதிலைப் படிக்கிறது. ஆக, படிக்கும்போது எஞ்சின் துடிக்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, எஞ்சின் மேல் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். துடித்தும் பிழை வந்தால் ஸ்டேஷன் அமைப்பில் வேலை இருக்கிறது. துடிக்கவே இல்லை என்றால் மின்சாரமோ கேள்வியோ எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை.

அம்பத்தூர் அப்பா

துடிப்பே இல்லை.

தாம்பரம் ஷெட்

தண்டவாளத்தைத் துடையுங்கள். மூன்று வாரம் ஓடியது, ஒரு வாரம் நின்றது, ஜன்னலோரம் வேறு. இந்த ஊர்க் காற்றில் அதுவே போதும். ஐசோபுரோபில் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். சக்கரங்களையும் விடாதீர்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறல் விழும், அந்தக் கீறலில் மறுபடி அழுக்கு ஏறும்.

அம்பத்தூர் அப்பா

நான்கு பஞ்சு கன்னங்கறேலென்று ஆகிவிட்டது. சக்கரங்களில் இன்னும் மோசம், மகள் காது குடையும் பட்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு படிக்கச் சொன்னோம். விரலுக்கு அடியில் எஞ்சின் டுக், டுக் என்று துடித்தது, திரையில் முகவரி 3 என்று வந்தது. எஞ்சின் வாங்கியபோது இருந்த எண் அது. மகள் உடனே 12 ஆக்கிவிட்டாள், அவள் கிரிக்கெட் ஜெர்சி எண்.

போர்டுக்கான துளைக்கு மேலே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருக்கிறோம். பென்டிரைவில் நகலும் எடுத்தாயிற்று. எல்லோருக்கும் மிக்க நன்றி.

பேசின்பிரிட்ஜ்

சந்தோஷம். ஆனாலும் பேனல் பெரிதாகி, இரண்டு எஞ்சின் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் நாளில் தனிக் கணினி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அப்போது எழுதுங்கள், பையில் போட்டுத் தர அம்பத்தூருக்கே வருகிறேன்.

ராயபுரம்1856

அன்றும் நான் லேப்டாப் பக்கம்தான். ஆனால் நீங்கள் போகும்போது சொல்லுங்கள், அந்தப் பேசின் பிரிட்ஜ் பேனலைப் பார்க்க நானும் வருகிறேன்.