‘த லாங் நைட்’ பார்த்த அந்தத் திங்கட்கிழமை

கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரில் எந்த எபிசோடை எங்கே, யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கல்யாண வீட்டிலேயே படுகொலை நடக்கும் ரெட் வெட்டிங் கதையைத்தான் எடுப்பார்கள். என்னுடையது எட்டாவது சீசனின் மூன்றாவது எபிசோட், ‘த லாங் நைட்’. செத்தவர்களை எழுப்பிப் படையாக ஓட்டி வரும் நைட் கிங்கோடு விண்டர்ஃபெல் கோட்டையில் ராத்திரி நடக்கும் போர். 2019 ஏப்ரல் 29, திங்கட்கிழமை. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி ஓடிய அதே நேரத்தில் நமக்கு ஹாட்ஸ்டாரில் காலை ஆறரைக்கு வந்தது. அப்போது நான் சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன்.

அந்த வருஷக் கோடையைப் பற்றி ஓஎம்ஆரில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் எல்லாம் வற்றி, ஏரியா முழுக்க லாரித் தண்ணியில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபானி புயல் வந்தாலாவது மழை பெய்யும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அது ஒடிசா பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் காலையில் கொஞ்ச நேரம்தான் மோட்டார் போடுவார்கள், ஏழரைக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குள் பக்கெட் நிரப்பாதவள் அன்றைக்குக் குளிக்காமல் ஆபீஸ் போக வேண்டியதுதான். எபிசோட் 82 நிமிஷம், ஆரம்பம் ஆறரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி போய் எல்லோருடைய பக்கெட்டையும் நிரப்ப வேண்டும், திரும்பி வந்ததும் அடுத்தவள். போனவளுக்கு விட்ட கதையை மற்றவர்கள் சொல்ல வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். எட்டரைக்கு கேப். அதற்குள் முடிக்காவிட்டால் கேபிலேயே எவனாவது சொல்லித் தொலைப்பான். அந்த வெள்ளிக்கிழமைதான் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் வேறு ரிலீஸ் ஆகியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்டு திரிந்த வாரம் அது.

எங்கள் ரூம் கிழக்குப் பார்த்த ரூம். ஏப்ரல் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும். எபிசோடோ கும்மிருட்டு. ஜன்னலில் போர்வை, அதன்மேல் துண்டு, கதவிடுக்கில் ஒரு பழைய நைட்டி என்று அடைத்தும், ஃபேன் காற்றில் போர்வை விலகும்போதெல்லாம் லேப்டாப் ஸ்கிரீனில் எங்கள் முகம்தான் தெரிந்தது.

இருட்டைப் பற்றி அன்றைக்கு உலகமே புலம்பியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், நிறைய பேருக்கு டிவியைச் சரியாக செட் பண்ணத் தெரியவில்லை, சின்ன ஸ்கிரீனில் வேறு பார்க்கிறார்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார். அவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. வடக்கு அயர்லாந்துக் குளிரில் 55 ராத்திரி நின்று எடுத்ததை, ஹாஸ்டல் வைஃபையில் கட்டம் கட்டமாகக் கறுப்பாகப் பார்த்தால் எடுத்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஜனங்கள் எதில் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டும் எடுக்கலாமே, சார்?

இருந்தாலும் ஓர் இடத்தில் அந்த இருட்டுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். நெருப்புக் கடவுளின் பூசாரி மெலிசாண்ட்ரே குதிரையில் தனியாக வருகிறாள். என்னவோ முணுமுணுக்கிறாள். குதிரைப்படையான டோத்ராக்கிகளின் வளைந்த கத்தி ஒவ்வொன்றும் வரிசையாகத் தீப்பிடிக்கிறது. கூச்சல் போட்டுக்கொண்டு அத்தனை பேரும் இருட்டுக்குள் பாய்கிறார்கள். கேமரா அவர்களோடு போகாமல் நம்மோடேயே நின்றுவிடுகிறது. தூரத்தில் அந்த நெருப்பெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாகி, ஒன்றொன்றாக அணைந்து, சத்தமும் அடங்கிப்போகிறது. உள்ளே என்ன நடந்தது என்று காட்டவே இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் மதுரைக்காரி பக்கெட் நிரப்பப் போயிருந்தாள். ஈரக் காலோடு வந்து உட்கார்ந்தவள், “எங்கடி அந்தக் குதிரைக்காரங்க?” என்றாள்.

“செத்துட்டாங்க.”

“யாரு?”

“எல்லாரும்.”

அவள் கொஞ்ச நேரம் எங்களை நம்பவில்லை.

அப்புறம் லியானா மார்மண்ட். செத்து எழுந்து வந்த ராட்சசன் அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி நசுக்குகிறான். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கிறது, அவள் விடாமல் அவன் கண்ணில் கத்தியைச் சொருகுகிறாள். நாங்கள் போட்ட கூச்சலில் சமையல் அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். “யாருக்கு என்னடி ஆச்சு?” “ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சுக்கா.” அக்கா முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, எந்த ரூமு?”

சரி, அந்தக் கோட்டைக்குச் சொந்தமான ஸ்டார்க் குடும்பத்துப் பெண் ஆர்யாவுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

நூலகக் காட்சியில் அவள் மேஜைக்கடியில் ஒளிந்து ஒளிந்து போகிறாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழ, அந்தச் சத்தத்துக்கே ஒரு பிணம் திரும்பிப் பார்க்கிறது. அவ்வளவு பெரிய போருக்கு நடுவில் இப்படி ஒரு மூச்சுவிடாத அமைதியை வைத்த இயக்குநர் மிகேல் சபோச்னிக்குக்கு என் வணக்கம். இதே தொடரில் முன்னால் ஹார்ட்ஹோம் சண்டையும், பாஸ்டர்ட்ஸ் சண்டையும் எடுத்த அதே ஆள்தான். அப்புறம் பெரிக் என்ற வீரன் உயிரைக் கொடுத்து அவளைக் காப்பாற்றுகிறான். நீ நிரந்தரமாக மூடப்போகும் கண்கள் என்று ஆர்யாவிடம் முன்பு சொன்ன பழைய வசனத்தை மெலிசாண்ட்ரே எடுத்துவிடுகிறாள்: பழுப்புக் கண்கள், பச்சைக் கண்கள், நீலக் கண்கள். மூன்றாவது சீசனில் இதையே சொன்னபோது நீலம் நடுவில் வந்தது. இப்போது கடைசிக்கு நகர்த்திவிட்டார்கள். நீலக் கண் நைட் கிங்குக்கு. அங்கேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பியானோ தொடங்கியதும் எங்கள் ரூமில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இசையமைப்பாளர் ரமின் ஜவாடி இந்தத் தொடரில் பியானோவை முதல்முதலாகத் தொட்டது ஆறாவது சீசன் முடிவில், செர்சி என்ற ராணி தன் எதிரிகளோடு ஒரு கோயிலைக் கொளுத்துவதற்கு முன்னால். அதனால் பியானோ கேட்டாலே யாரோ போகப்போகிறார்கள் என்று வயிற்றைக் கலக்கும். எல்லோரும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆர்யாவோடு வளர்ந்த ஜான் ஒரு டிராகனுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு கத்துகிறான். ஆர்யாவின் தம்பி பிரானுக்குக் காவல் நின்ற தியான் விழுந்துவிட்டான். நைட் கிங் பிரான் முன்னால் வந்து நிற்கிறான். அப்போது வரிசையில் நிற்கிற ஒருவனின் முடி லேசாகக் காற்றில் அசைகிறது, பார்த்தீர்களா? அவ்வளவுதான் அறிகுறி. அடுத்த நொடி ஆர்யா பாய்கிறாள், நைட் கிங் அவள் கழுத்தைப் பிடித்துவிடுகிறான், கத்தி இடக்கையிலிருந்து நழுவி வலக்கைக்கு வருகிறது. ஒரே குத்து, நைட் கிங் உடைந்தான். கட்டிலே உடைகிற மாதிரி குதித்தோம். மோட்டார் எப்போது நின்றது, யாருடைய பக்கெட் காலி என்றெல்லாம் யாருக்கும் கவலை இல்லை.

சந்தோஷமெல்லாம் மதியச் சாப்பாடு வரைக்கும்தான். கேன்டீனில் எங்கள் டீம் ஆண்கள் எல்லோரும் ஒரே பாட்டு. “ஜான்தானே கொன்னிருக்கணும்? இவ்வளவு வருஷமா அவனுக்குத்தானே பில்டப்? இவ எங்கேர்ந்து திடீர்னு குதிச்சா?”

திடீரென்றா? முதல் சீசனில் வாள்வித்தை வாத்தியார் சிரியோ ஃபோரெல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? சாவிடம் ‘இன்றைக்கு இல்லை’ என்று சொல்லத்தானே? பிரானைக் கொல்ல வந்தவன் கையில் முதல் சீசனில் இருந்த அதே கத்தி, லிட்டில்ஃபிங்கர் என்ற சூழ்ச்சிக்காரன் வழியாக ஏழாவது சீசனில் பிரானிடமே வந்து, அவன் கொடுத்து இவள் இடுப்புக்கு வந்தது. கை மாற்றிப் பிடிக்கிற அந்த வித்தையை அதே சீசனில் பிரியன் என்ற வீராங்கனையோடு பயிற்சிச் சண்டை போடும்போது செய்தே காட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே, பிராவோஸ் நகரத்தில் கண் தெரியாமல் பிச்சையெடுத்து, தினமும் தடியால் அடி வாங்கினாளே, அது எதற்கு? அப்படி அடித்த வெய்ஃப் என்ற பெண்ணைக் கொல்ல வேண்டிய நேரத்தில் மெழுகுவத்தியை வெட்டி அணைத்துவிட்டுத்தான் கொன்றாள். அத்தனை வீரர்களில் இருட்டில் சண்டை போடப் பழகியவள் அவள் ஒருத்திதான். எபிசோட் முழுக்க இருட்டாக இருக்கிறது என்று திட்டுகிறவர்களே, அந்த இருட்டு யாருக்கு வசதி என்று யோசிக்க மாட்டீர்களா?

இதைச் சாப்பிடாமல் விளக்கினேன். “ஆனாலும் ஜான்...” என்று மறுபடி ஆரம்பித்தார் ஒருவர். நம்ம ஊர் ஹீரோ ஒரு உதையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால் விசிலடிக்கிற மனுஷன் அவர். அங்கே லாஜிக் கேட்க மாட்டார்.

குறை இல்லாமல் இல்லை. என் குறை வேறு. முதல் சீசனின் முதல் காட்சியிலேயே நமக்குக் காட்டிய பயம் இந்த நைட் கிங்கின் ஆட்கள்தான். அவர்களுக்கு என்னதான் வேண்டும்? முந்தின எபிசோடில், உலகத்தின் நினைவையே அழிக்க வருகிறான் என்று பிரான் இரண்டு வரி சொல்கிறான், அதோடு சரி. நைட் கிங் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான். அதைவிட எரிச்சல், சாவு கணக்கு. முக்கியமானவர்களில் போனது மொத்தமே இவ்வளவுதான்: எட், ஜோரா, பெரிக், லியானா, தியான், மெலிசாண்ட்ரே. ஜானின் நண்பன் சாம் பிணக் குவியலுக்கு நடுவில் படுத்து அழுதுகொண்டே இருந்தான், காலையில் பார்த்தால் உயிரோடு இருக்கிறான். ஆர்யாவின் அப்பா நெட் ஸ்டார்க்கின் தலையை முதல் சீசனிலேயே எடுத்தவர்களுக்கு இங்கே கை நடுங்கிவிட்டது.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் நங்கநல்லூர். நீங்கள் காலையில் பார்த்துவிட்டீர்கள், நான் சாயங்காலம் வரைக்கும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைத்திருந்து வீட்டு டிவியில் பார்த்தேன். அப்பாவும் பக்கத்தில். அப்பா ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். கதையில் யார் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஆனால் படை நிற்பதைப் பார்த்ததுமே பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

“கோட்டை உள்ளே இருக்கு, எல்லாரும் ஏன்டா வெளியே நிக்கிறாங்க?” என்றார். அப்புறம் கல்லெறிகிற இயந்திரங்களைக் காலாட்படைக்கு முன்னால் நிறுத்தியிருப்பதைப் பார்த்தார். எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் குதிரைப்படையை முதலில் அனுப்புவதைப் பார்த்தார். அகழி தங்கள் ஆட்களுக்கு முன்னால் இல்லாமல் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். “வள்ளுவர் அரணுக்குன்னு ஒரு அதிகாரமே எழுதி வெச்சிருக்கார், இவனுங்க ஒரு குறளாவது படிச்சிருக்கலாம்” என்றார். எங்களைச் சின்ன வயதில் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வைத்து, எதிரி இங்கே திரும்பினால் மேலேயிருந்து எப்படி அடிப்பான் என்று பாடம் எடுத்தவர். அவரை விண்டர்ஃபெல்லில் விட்டிருந்தால் டோத்ராக்கிகளில் பாதிப் பேராவது மிஞ்சியிருப்பார்கள்.

ஆர்யா பாய்ந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், “அந்தப் பொண்ணுக்குத்தான் ஒழுங்கா டிரெய்னிங் குடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு மாத்திரை போடப் போனார். இதை உங்கள் கேன்டீன்காரர்களிடம் சொல்லுங்கள்.

*

பதிவிலும் பதிலிலும் எல்லோரும் ஆர்யாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இந்தத் தொடரைப் பார்த்ததே 2020 லாக்டவுனில்தான், வியாசர்பாடியில் அண்ணன் வீட்டில். நைட் கிங்கை யார் கொல்கிறார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு பார்த்தேன். அதனால் அந்த இடத்தில் எனக்குப் படபடப்பே வரவில்லை. ஆனால் தியான் என்னை உட்காரவைத்து அழவைத்துவிட்டான். அதே கோட்டையைப் பிடித்து, அதே பிரானைத் துரத்தி, இரண்டு சின்னப் பையன்களைக் கொன்று தொங்கவிட்டவன். அந்தப் பிரானுக்காகவே கடைசி அம்பு தீரும்வரை நிற்கிறான். நீ நல்லவன் என்று பிரான் சொன்னதும் அவன் முகத்தைப் பாருங்கள். ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே நைட் கிங்கை நோக்கி ஓடுகிறான். அண்ணி வந்து, “பொம்மைச் சண்டைக்கு யாராவது இப்படி அழுவாங்களா?” என்று கேட்டுவிட்டு, அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

பதிவை எழுதிய ஹாஸ்டல்காரி மறுபடி வந்திருக்கிறேன். தியான் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. அவன் விழும்போது பக்கெட் முறை என்னுடையது. ஏழரை தாண்டியிருந்தாலும் போகட்டும் என்று எழுந்திருக்கவே இல்லை.

நங்கநல்லூர்க்காரரே, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்படியே எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். செத்தவர்களை எழுப்புகிறவன் வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாப்பாக இருங்கள் என்று சொல்லி, பரம்பரை பரம்பரையாகப் பிணங்களைப் புதைத்து வைத்த கல்லறைக்குள் அனுப்பிய புத்திசாலி யார்? எங்கள் ஹாஸ்டலில் இதற்கு இன்றுவரை ஒருத்தியும் பதில் சொல்லவில்லை.