தாத்தாவின் மழைக் குறிப்பேடு

கயல்விழி: அனைவருக்கும் வணக்கம். தாத்தா நாள்தோறும் மழையளவு எழுதி வைத்த நீல அட்டைக் குறிப்பேடு இப்போது யாரிடம் இருக்கிறது? மாறிவரும் மழையைப் பற்றிக் கலைஞர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து அமைக்கும் கண்காட்சியில் என் நெசவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றியாக வேண்டும்.

செல்வி அத்தை: மிகவும் மகிழ்ச்சி, கயல். பாகம் பிரித்த அன்றே அது அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

பெரியப்பா: நான் எடுத்துக்கொண்டு போகவில்லை, செல்வி. அப்பாவே என் கையில் கொடுத்தார். கயல், அப்பா அளந்த எண்களை நீ அலங்காரமாக்கிவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

கயல்விழி: அந்தக் கவலை எனக்கும் உண்டு, பெரியப்பா. ஆனால் அறிவியலை அலங்காரமாக்காமல் உணரச் செய்த கலைப்படைப்புகளும் இருக்கின்றன. கலைஞர் ஓலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் 2015இல், பாரிஸில் காலநிலை மாநாடு நடந்த நாட்களில், கிரீன்லாந்துக் கடலில் மிதந்த 12 பனிப்பாளங்களைக் கொண்டுவந்து, அந்நகரின் பாந்தியன் நினைவு மண்டபத்தின் முன்பு கடிகார முகம்போல வட்டமாக வைத்தார்கள். பனி உருகுவதைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்தவர்கள் அங்கே அதைத் தொட்டுப் பார்த்தார்கள். காதை வைத்து, உள்ளே அடைபட்டிருந்த பழங்காலக் காற்று வெடித்து வெளியேறும் ஒலியைக் கேட்டார்கள். மைக்கேல் பின்ஸ்கி என்ற கலைஞர் 2017இல் நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் ஐந்து குவிமாடங்களை ஒன்றோடொன்று இணைத்து, லண்டன், பெய்ஜிங், சாவோ பாலோ, டெல்லி நகரங்களின் மாசுக் காற்றையும் நார்வேயிலேயே உள்ள தௌத்ரா தீவின் தூய காற்றையும் தீங்கில்லாத கலவைகளால் உணரச் செய்தார். சிற்பி நத்தலி மீபாக் வானிலை அளவுகளைக் கொண்டே பிரம்பில் சிற்பம் முடைகிறார். நானும் ஒரு நாளுக்கு ஓர் ஊடை இழை, அதாவது ஒரு குறுக்கு நூல், என்று நெய்யப் போகிறேன். மழை கூடக் கூட நீலம் அடர்த்தியாகும்; பெய்யாத நாளுக்குப் பழுப்பு நூல்.

பெரியப்பா: அவ்வளவு தூரம் பனியைச் சுமந்து வந்ததற்கான எரிபொருள் கணக்கில் வந்ததா?

கயல்விழி: வந்தது. அதனால் வெளியான கரியமில வாயுவின் அளவைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

பாஸ்கர் மாமா: அப்படியானால் சரி. பார்க்க வருகிறவர்களுக்கு உன் நூல் கணக்கை யார் விளக்குவார்கள்?

கயல்விழி: வானிலை ஆய்வாளர் ஒருவர் துணியின் அருகிலேயே இருப்பார், மாமா.

பெரியப்பா: ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று பலகையில் எழுதி வை. இன்னொன்றும் சொல்கிறேன். மழை பெய்யாத நாளில் அப்பா பூஜ்ஜியம் போடுவார். அளக்காத நாளில் கட்டத்தை வெறுமையாக விடுவார். இரண்டையும் ஒரே பழுப்பு நூலில் நெய்தால் உன் துணி பொய் சொல்லும்.

கயல்விழி: அளக்காத நாளுக்கு ஊடையே போடாமல் பாவு நூலை மட்டும் விட்டுவிடுகிறேன். அந்த இடத்தில் துணி வழியே வெளிச்சம் தெரியும்.

செல்வி அத்தை: அம்மா மருத்துவமனையில் இருந்த பதினொரு நாட்களும் அப்படித்தான் வெறுமையாக இருக்கும்.

பெரியப்பா: ஆம். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலை அப்பா மழைமானியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் நின்றது. அதைக் கொட்டிவிடாமல் அளந்து, எண்ணைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் 'பதினொரு நாள் சேர்ந்தது' என்று எழுதினார். அது ஒரு நாள் மழை ஆகாது. அதை எப்படி நெய்வாய்?

கயல்விழி: தெரியவில்லை, பெரியப்பா. பதினொரு நாள் இடைவெளிக்குப் பிறகு ஒரே தடித்த இழையாக வரலாம். வானிலை ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். குறிப்பேட்டையும் துணிக்குப் பக்கத்தில் வைக்க அனுமதிப்பீர்களா?

பாஸ்கர் மாமா: கண்ணாடிப் பெட்டி கட்டாயம் வேண்டும்.

செல்வி அத்தை: வேண்டாம், கயல். அந்தத் தாள் ஏற்கெனவே ஒடிந்துகொண்டிருக்கிறது. படம் எடுத்து வைத்தால் போதும்.

பெரியப்பா: பெட்டியையும் அதன் மேல் விழும் விளக்கையும் பார்த்த பிறகு சொல்கிறேன். மற்றப் பக்கங்களை இன்றிரவே படம் எடுத்து அனுப்புகிறேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீ நேரில் வந்து பார்.

செல்வி அத்தை: அண்ணா, கயல் வரும்போது நானும் வருகிறேன்.